அறிவியல் கல்வியும் தன்னார்வக் குழுக்களும்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது நம் பெரியோர் வாக்கு. வைகாசி விசாகத்தில் திருச்செங்கோட்டுத் தேரைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். வடம் பிடிப்போர் பலர். ஆனால் சக்கரத்தின் அருகிலேயே, கையில் கட்டையுடன் சிலர் குனிந்தபடி நடந்து வருவர். தேர் ஒரு பக்கம் ஒதுங்கினால் உடனே முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் அடியில் இட்டுத் திருப்பி விடுவர். தேர் நிலை சேர்ந்த பின் அவர்கள் பெயரைக் கேட்பார் இல்லை. பேச்சு வழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை என்று பொருள். தேருக்கோ அதுவே வழிகாட்டி.

அறிவியல் கல்வி என்னும் தேருக்கும் இவ்வாறு கட்டை இடுவோர் இருக்கின்றனர். அவர்கள் சம்பளம் பெறுவோர் அல்லர். ஆணை இடுவோரும் அல்லர். மாலை நேரங்களையும் ஞாயிற்றுக் கிழமைகளையும் கொடுத்து உழைக்கும் தன்னார்வக் குழுவினர். அக்குழுக்கள் யாவை, எவ்வாறு இயங்குகின்றன, ஏன் சில இடங்களில் நிலைக்கின்றன, ஏன் சில இடங்களில் ஓய்ந்து போகின்றன என்பவற்றை என் சிற்றறிவுக்கு எட்டியவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலைமை என்பது யாது?

அறிவியல் கல்விக்குத் தலைமை தாங்குவோர் என்றவுடன் இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். அவர்கள் திட்டம் வகுப்பவர்கள். ஆனால் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் அறிவியலுக்கு உண்மையான தலைவர் அங்குள்ள அறிவியல் ஆசிரியரே. சோதனைக் குழாயை அலமாரியிலிருந்து வெளியே எடுப்பதா, பூட்டியே வைப்பதா என்பதை முடிவு செய்பவர் அவர்தாம்.

அந்த ஆசிரியருக்கு வேண்டுவன சில. கருவிகள் வேண்டும். ஐயம் எழுந்தால் கேட்கத் தம்மினும் கற்றவர் வேண்டும். தம்மைப் போன்ற பிற ஆசிரியர்களைச் சந்திக்க ஓர் இடம் வேண்டும். மாணவர் செய்ததைப் பொறுமையாகக் கேட்பவர் வேண்டும். இடையூறு நேர்ந்தால் பக்கத்தில் நிற்க நாலு பேர் வேண்டும். இவற்றுள் முதலாவதை அரசு தரலாம். மற்றவற்றை மனிதர்களே தர முடியும். தன்னார்வக் குழுவின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

குழுக்கள் தோன்றிய வரலாறு

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 1962ஆம் ஆண்டு கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் தொடங்கப்பட்டது. மலையாளத்தில் அறிவியல் எழுத விரும்பிய சில எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து அமைத்த சிறு சங்கம் அது. பின்னர் ஆசிரியர்கள் திரளாகச் சேர்ந்தனர். எழுத்தாளர் சங்கமாகத் தொடங்கியது மக்கள் இயக்கமாக வளர்ந்து, 1996இல் ரைட் லைவ்லிஹுட் விருதையும் பெற்றது.

வடக்கே மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் வேறொரு முயற்சி நடந்தது. கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்னும் இரு அமைப்புகள் அதனைத் தொடங்கின. செய்து பார்த்தே கற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. டில்லிப் பல்கலைக்கழகம், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைச் சேர்ந்த அறிவியலாளர்கள் அந்தக் கிராமப் பள்ளிகளுக்குத் தாமாக வந்து ஆசிரியர்களுடன் உழைத்தனர். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடித் தம் வகுப்பில் தேறியதையும் தேறாததையும் பேசினர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுதலாம். 1978இல் அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. 1982இல் இதற்கெனவே ஏகலவ்யா என்னும் அமைப்பு தோன்றியது. எனினும் 2002இல் மாநில அரசு அத்திட்டத்தை நிறுத்தி விட்டது. முப்பது ஆண்டு உழைப்பும் ஓர் ஆணையால் நிற்கக்கூடும் என்பதும் நாம் கற்க வேண்டிய பாடமே.

தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. சென்னையில் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர்கள் அதற்கு வித்திட்டனர். 1987இல் சிறுவர்க்கான 'துளிர்' என்னும் அறிவியல் மாத இதழ் வெளிவந்தது. அதே ஆண்டில் நாட்டின் ஐந்து முனைகளிலிருந்து அறிவியல் கலைக்குழுக்கள் புறப்பட்டன. ஊர் ஊராக நாடகமும் பாட்டும் நடத்தி, சர் சி. வி. ராமன் பிறந்த நாளான நவம்பர் 7 அன்று போபாலில் கூடின. 1984இல் நச்சு வாயுவால் ஆயிரக்கணக்கானோர் மாண்ட ஊர் அது. அறிவியல் யாருக்காக என்னும் வினாவை எழுப்ப அதனினும் பொருத்தமான இடம் வேறு ஏது? மறு ஆண்டு, 1988இல், இவ்வியக்கங்கள் சேர்ந்து அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பை அமைத்தன.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்று 1976ஆம் ஆண்டின் நாற்பத்திரண்டாவது திருத்தம் நம் அரசியலமைப்பில் சேர்த்தது. சட்டத்தில் எழுதியதைத் தெருவுக்குக் கொண்டு வந்தவர்கள் இத்தகைய குழுவினரே எனலாம்.

ஒரு மாநாடு நடக்கும் விதம்

குழு எவ்வாறு இயங்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 1993 முதல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடந்து வந்தது. தமிழ்நாட்டில் அதனைப் பல்லாண்டுகள் ஒருங்கிணைத்தது அறிவியல் இயக்கம். 10 முதல் 17 வயது வரை உள்ள சிறுவர் சிறுமியர் தம் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து ஆய்வு செய்ய வேண்டும். தெர்மாகோலில் மாதிரி செய்து விளக்கெரிய விடுவது அன்று. அளக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், எழுத வேண்டும். தாய்மொழியிலேயே எழுதலாம். மாவட்டம், மாநிலம், நாடு என்று மூன்று படிகள்.

ஒரு மாவட்டத்தில் இது நடக்க எத்தனை கைகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்! அனைத்தையும் இணைக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர். ஆய்வுத் தலைப்புகளை விளக்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் கல்விக் குழு. பள்ளிதோறும் வழிகாட்டி ஆசிரியர். மாநாட்டு நாளில் ஆய்வுகளைக் கேட்டு மதிப்பிடக் கல்லூரிப் பேராசிரியர்கள். இடம், உணவு, சான்றிதழ் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொறுப்பாளர். இவர்களுள் பெரும்பாலோர் தன்னார்வலர்களே. இதில் யாரேனும் ஒருவர் தம் பங்கை விட்டால், வடத்தின் கடைசியில் நிற்கும் மாணவனுக்குத்தான் அதன் அதிர்ச்சி சென்று சேரும்.

நான் கண்டது

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தது 2019ஆம் ஆண்டில். எங்கள் ஊர் இராசிபுரம் வட்டத்தில் உள்ளது. குச்சிக்கிழங்கு விளையும் பூமி. என் தந்தையார் ஒரு சேகோ ஆலையில் கிழங்கு இறக்கும் வேலை பார்ப்பவர். தாயார் காட்டு வேலைக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்தியே.

2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் மாநாட்டின் மையக் கருத்து, தூய்மையான, பசுமையான, நலமான நாட்டுக்கு அறிவியல் என்பதாகும். எங்கள் அறிவியல் ஆசிரியை என்னையும் என் வகுப்புத் தோழியையும் அழைத்து, "உங்க ஊர்க் கெணத்துத் தண்ணி ஏன் இப்படி இருக்குதுன்னு பாருங்களேன் கண்ணு" என்றார். நாங்கள் மூன்று கிணற்று நீரையும், ஆலைப் பக்கம் ஓடும் ஓடை நீரையும் எடுத்து வந்தோம். ஓடை நீரில் அயோடின் கரைசலை விட்டதும் கருநீலம் ஆயிற்று. மாவுச்சத்து உள்ளது என்று பொருள். நீல லிட்மஸ் தாள் சிவந்தது. அமிலத் தன்மை உள்ளது என்று பொருள். கிணற்று நீரில் அயோடின் நிறம் மாறவே இல்லை. எனினும் நாங்கள் அறிக்கையில், "ஆலைக் கழிவே கிணறுகளைக் கெடுத்தது" என்று எழுதி விட்டோம்.

செய்தி எப்படியோ ஆலைக்கு எட்டியது. அன்று இரவு தந்தையார் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தவர், "ஏம் பாப்பா, நம்ம ஆலையப் பத்தி எழுதறீங்களாமே? மேஸ்திரி கேட்டாரு" என்றார். கோபித்துச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. ஆசிரியையிடமும் ஒருவர் வந்து பேசியதாகப் பின்னர் அறிந்தேன்.

ஆசிரியை தனியாக இருந்திருந்தால் ஆய்வை அன்றே கைவிட்டிருப்பார். அவரைக் குறை கூறவும் முடியாது. ஆனால் அவர் மாவட்டக் குழுவினருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். அடுத்த ஞாயிறு குழுவிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பேருந்தேறி வந்தார். அவர் ஆலையுடன் சண்டைக்குப் போகவில்லை, எங்களையும் அடக்கவில்லை. எங்கள் குறிப்பேட்டை வாங்கிப் படித்து விட்டு இரண்டே செய்திகளைச் சொன்னார். ஆலையின் பெயர் ஆய்வுக்கு வேண்டாம், கிணறுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் இடுங்கள் என்பது ஒன்று. அளக்காததை எழுதாதீர்கள் என்பது மற்றொன்று.

அதன்பின் ஒவ்வொரு கிணற்று நீரிலும் ஒரு லிட்டரை எடுத்து, ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் சிறிது சிறிதாக ஊற்றி வற்ற வைத்தோம். கிண்ணத்தின் எடையை முன்னும் பின்னும் ஒரு கொலுசுப் பட்டறைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். முதல் கிணற்றில் 2.3 கிராம், இரண்டாவதில் 1.9 கிராம், மூன்றாவதில் 1.2 கிராம் உப்பு மிஞ்சியது. குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அமைவனத்தின் அளவுகோல். அதாவது எங்கள் முதல் கிணறு அந்தக் கடைசி எல்லையையும் தாண்டி விட்டது.

மாநாட்டில் எங்களை மதிப்பிட்ட பேராசிரியை, "மூன்று கிணற்றுக்கும் ஆழம் ஒன்றா?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். நாங்கள் அதைக் கேட்டறியவே இல்லை. "அப்படியானால் ஓடைதான் காரணம் என்று சொல்ல முடியுமா?" என்றார். முடியாது என்றோம். "அதையே எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்" என்றார். நாங்கள் மாநில அளவுக்குத் தேர்வு பெறவில்லை. ஆனால் நான் இன்று வேதியியல் படிப்பது அந்த ஒரு வினாவினால்தான். அறிக்கையைப் படித்துக் காட்டியபோது தந்தையார், "இதுல தப்பா ஒண்ணும் இல்லியே" என்று சொல்லி உறங்கப் போனார். அவர் வேலைக்கும் ஊறு நேரவில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோவை, கரூர், திண்டுக்கல் பகுதிகளில் வளையமாகவும் நம் பகுதியில் பிறையாகவும் தெரிந்தது. அரையாண்டு விடுமுறை என்றாலும் ஆசிரியையும் குழுவினர் சிலரும் எங்கள் ஊர்த் திடலுக்குப் பாதுகாப்புக் கண்ணாடிகளுடன் வந்தனர். என் தாயார் கடைசி வரை வெளியே வரவில்லை. ஆனால் ஓட்டு இடுக்கு வழியே வீட்டுத் தரையில் விழுந்த ஒளி வட்டம் பிறையாக மாறியதை நான் காட்டியபோது, அடுப்பை விட்டு எழுந்து வந்து வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார்.

நான் செய்த பிழை

2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் ஆசிரியை மாறுதலாகிச் சென்றார். பள்ளியில் ஆய்வுப் பணியும் நின்றது. வழிகாட்டி ஒருவரையே நம்பி இருந்ததால் வந்த விளைவு இது.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்தில் சில ஆசிரியர்கள் சேர்ந்து பள்ளிச் சிறுவர்க்கு ஒரு சிறு அறிவியல் விழா நடத்தினர். உதவிக்கு நானும் சென்றேன். விழா நாள் ஒரு நாள் முன்னதாக மாற்றப்பட்டது. ஐந்து பள்ளிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு எனக்கு. ஐந்து எண்களுக்கும் செய்தி அனுப்பினேன். கடமை முடிந்தது என்று எண்ணினேன். அவற்றுள் ஒன்று, மாறுதலாகிப் போன ஓர் ஆசிரியரின் எண். விழா முடிந்த மறுநாள், மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து நான்கு சிறுவர்கள் அட்டைப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு இரண்டு பேருந்து மாறி வந்து சேர்ந்தனர். திடலில் பந்தல்காரர் கயிற்றை அவிழ்த்துக் கொண்டிருந்தார். அவர்களுடன் வந்த ஆசிரியர் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்கவும் எனக்கு நா எழவில்லை.

எனக்காக ஒரு ஞாயிற்றுக் கிழமையில் பேருந்தேறி வந்தவரை அன்று நினைத்துக் கொண்டேன். தன்னார்வம் என்பது விருப்பம் மட்டும் அன்று. ஒப்புக்கொண்டதை முடிக்கும் ஒழுங்கும் ஆகும். சம்பளம் இல்லாத வேலையில் கேட்பார் இல்லை என்பதால்தான் ஒழுங்கு இன்னும் மிகுதியாக வேண்டியிருக்கிறது.

குழு நிலைக்க வேண்டியவை

நம் பகுதி மக்களுக்குக் கூட்டாக உழைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் பால் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. ஒருவர்க்கொருவர் போட்டியாளரான ஜவ்வரிசி உற்பத்தியாளர்களே 1981இல் சேலத்தில் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தம் சரக்கை ஏலத்தில் விற்று வந்தனர். அங்கெல்லாம் கடைப்பிடிக்கும் எளிய விதிகளையே அறிவியல் குழுவும் கடைப்பிடித்தால் போதும்.

முதலாவது, குறித்த நாளில் கூடுதல். வேலை இருந்தால் மட்டும் கூடும் குழு, வேலை வரும்போது கூடாது. இரண்டாவது, யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை எழுதி வைத்தல். தெரிவித்தேன் என்பது போதாது. பதில் வந்ததா என்பதையும் எழுத வேண்டும். மூன்றாவது, பத்து ரூபாயாயினும் கணக்கைப் பலர் அறியப் படித்தல். நான்காவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் துணைப் பொறுப்பாளர் ஒருவரைப் பழக்குதல். மாறுதல், திருமணம், நோய் எதுவும் முன்கூட்டிச் சொல்லி வருவதில்லை. ஐந்தாவது, ஆசிரியரின் இடத்தைப் பறிக்காதிருத்தல். குழு அவருக்குப் பின்னால் நிற்க வேண்டுமே அன்றி, அவர் மீது மேலதிகாரியாக உட்காரக் கூடாது. ஹோசங்காபாத் ஆசிரியர்களின் மாதக் கூட்டம் பயன் தந்தது, அங்கு ஆசிரியரே பேசினார் என்பதனால்தான்.

தன்னார்வலர் இருப்பதால் அரசு தன் கடமையிலிருந்து விலகி விடாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஆசிரியர் இல்லாத வகுப்பைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்புவது சரியன்று. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர் மாலை நேரத்தில்தான் கற்பித்தனர். பள்ளிக்கு மாற்றாக அன்று. முட்டுக்கட்டை இடுவோர் எத்தனை பேர் இருந்தாலும் வடம் இழுப்போர் இல்லாமல் தேர் நகராது.

நாம் செய்யக் கூடியது

மாணவ நண்பர்களே! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நம் மாநிலத்தில் 2024இல் அக்குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் அளிக்கப்பட்டது. நாம் அனைவரும் ஏதோ ஒரு பள்ளியின் முன்னாள் மாணவர் அல்லரோ?

நம் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதம் ஆகிய துறைகளிலிருந்து துறைக்கு ஒருவர் வீதம் ஐவர் கொண்ட குழு ஒன்று அமைப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை, அருகில் உள்ள ஒரு பள்ளி. அங்குள்ள அறிவியல் ஆசிரியரிடம், "ஐயா, உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று முதலில் கேட்போம். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு கடைசிப் பகுதியிலும் நம் பகுதியில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, செங்குத்தாக நட்ட குச்சியின் நிழல் மறையும். அதைக் காட்ட ஒரு குச்சி போதும். செலவு ஒன்றும் இல்லை. நம் துறைப் பேராசிரியப் பெருமக்கள் எங்களுக்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் சனிக்கிழமை எந்தப் பள்ளிக்குச் செல்வது என்று கேட்டால், என்னிடம் ஒரு விடை உண்டு. இரண்டு பேருந்து மாற வேண்டும். அங்கே நான்கு சிறுவர்களிடம் ஓர் அட்டைப் பெட்டி இருக்கிறது. அதில் என்ன இருந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.